சேவலுக்குப் போன பாதி

சான்டோ டொமிங்கோ
8 பிப்ரவரி 2011

அன்புள்ள தம்பி எலாடியோ,

நலமா? நானும் இந்த ஆய்வகக் கிருமிகளும் நலம்.

பஞ்சுக் குச்சியோடு வந்த சொந்த அக்காவை, ஊரே பார்க்க, வெட்டரிவாளோடு துரத்தினாயே! "என் சேவலத் தொட்டே, கைய வெட்டிருவேன்!" என்றாய். உன் சேவல் மின்னலின் தொண்டையைத் துடைத்துக் கிருமி பார்க்க வந்தேன், அறுக்க வரவில்லை.

ஒவ்வொரு சேவல் சண்டைக்கும் முன்னால் அதற்கு மருந்து கொடுக்கிறாய். கிருமிக்கு அது பழகிப்போகிறது. பிறகு அதே அலகில் வாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சுகிறாய். உனக்கு ஒன்றென்றால் எந்த மருந்து கேட்கும்?

நான் இங்கே வீடு மாறி எத்தனை வருஷம்! ஒருதடவையாவது எட்டிப் பார்த்தாயா?

உன் அக்கா,
யொகாஸ்டா

மோகா
22 பிப்ரவரி

அக்கா,

கோபம் இன்னும் தீரவில்லையா? என் மின்னல் நேற்று முன்தினம் சினென்சியோவின் சேவலுடைய கண்ணைக் குத்திக் கிழித்துக் கொன்றுவிட்டது. இவனுக்கும் தொண்டையில் ரத்தம் கட்டி மூச்சு திணறியது. உறிஞ்சித் துப்பினேன், பிழைத்தான். நீ திட்டுவாய், தெரியும்.

"மருந்து தின்ன சேவல்டா இது, திருட்டுப் பயலே!" என்றான் சினென்சியோ. அவன் முன்பல்லை உடைத்தேன். செத்த சேவலின் காலில் கட்டியிருந்த முள்ளைப் பிடுங்கி என் தொடையில் இறக்கிவிட்டான், பாவி.

சேவலுக்குப் போடும் மருந்துப் பொடியையே அப்பினேன். கேட்கவில்லை. வீங்கி நாறுகிறது. நீ போட்டுவிட்டு ஓடிய குச்சியில் சீழைத் துடைத்து, பஸ் ஓட்டும் வில்ஃப்ரிடோவிடம் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே.

எலாடியோ

சான்டோ டொமிங்கோ
25 பிப்ரவரி

தம்பி,

சிரிக்கவில்லையடா. உன் சீழில் வளர்ந்த கிருமியின் மேல் எங்களிடம் இருந்த மருந்தையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் செத்தது. இங்கே மருத்துவரிடம் சண்டை போட்டு அதை எழுதி வாங்கி அனுப்புகிறேன். காலையும் மாலையும் சாப்பிடு. வீக்கம் வடிந்தாலும் நிறுத்தாதே, டப்பா காலியாகிற வரைக்கும் விழுங்கு. இதற்குப் பிறகு கொடுக்க என்னிடம் வேறு மருந்து இல்லை. உன் காலை இழந்துவிடாதே.

என் வீட்டுக்கு வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

யொகாஸ்டா

மோகா
10 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

பாதி டப்பாவிலேயே வீக்கம் வடிந்து நடமாட ஆரம்பித்தேன். அப்போது மின்னலின் மார்பிலும் அதே நாற்றம் பிடித்த புண். அடுத்த ஞாயிறு பெரிய சண்டை. எனக்குத்தான் சரியாகிவிட்டதே, வாயில்லாப் பிராணி பாவம் என்று மீதி மாத்திரைகளைப் பொடித்துச் சோளத்தில் கலந்து கொடுத்துவிட்டேன்.

அவன் ஜெயித்தான். ஊர் என்னைத் தோளில் தூக்கியபோதே உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. காலை முழங்காலுக்கு மேலே அறுத்துவிட்டார்கள் அக்கா. இல்லாத பாதம் இன்னமும் அரிக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட அன்று, முற்றத்தில் அவன் கூவினான். ஊன்றுகோலை வீசிவிட்டுத் தவழ்ந்து போனேன். கைக்கு அடங்கித்தான் வந்தான், என்னைத் தெரியுமே அவனுக்கு. கழுத்தைத் திருகினேன். உதறி உதறி என் மடியிலேயே அடங்கினான். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன்.

ஐஸ் பெட்டியில் வைத்து வில்ஃப்ரிடோவிடம் அனுப்பியிருக்கிறேன். தொண்டையைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்றாயே, பார்த்துக்கொள். யாரும் வெட்டரிவாளோடு வரமாட்டார்கள்.

உன் வீடு எத்தனையாவது மாடி அக்கா? படி ஏற வேண்டுமா?

உன் தம்பி,
எலாடியோ