பாதிரியாரை அனுப்பியது நான்தான்

தம்பி பிராண்டுருக்கு, கரையிலிருந்து ஹாக்குன் எழுதுவது.

நீ இருக்கிற கிரீன்லாந்துக் கடலில் பனிக்கட்டி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் ஆடுகள் மேட்டு மேய்ச்சலில் இருக்கின்றன. காது கிழிந்த அந்தக் கிழட்டுக் கிடா மட்டும் மறுபடியும் பந்து மைதானத்தில் இறங்கி, கோல்கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றது. நம் அணிப் பையன் டெய்ட்டூர் விரட்டப் போனான். கடைசியில் அதுதான் அவனை விரட்டியது. அந்தக் கலவரத்தில் பந்து கடலுக்குள் போய், நான் படகை எடுத்துக்கொண்டு பாதி வளைகுடா துழாவி...

பார், ஆட்டுக் கதைக்குப் போய்விட்டேன். இதுதான் என் வியாதி.

இரண்டு வாரம் முன்னால் உன் கப்பலுக்குப் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இருபது நிமிஷம் பேசினோம். காற்றைப் பற்றிப் பேசினேன், வைக்கோல் காயாததைப் பற்றிப் பேசினேன். "வேற ஏதாச்சும் சொல்லணுமாண்ணே?"ன்னு நீயே கேட்டாய். "ஒண்ணுமில்லடா"ன்னு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேற்கூர் அணியோடு ஆடுகிற ஆட்டத்தில் நீ கோல் காக்கப் போவதில்லை. அந்த ஆட்டத்துக்காக நீ அடுத்த கடல் பயணத்தையே விட்டுவிட்டு வருகிறாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வாய் வரவில்லை.

மைதான ஓரத்தில் நின்று "இடது பக்கம் பாருடா குருடா!"ன்னு கத்தச் சொல், அடுத்த தீவுக்கே கேட்கும். ஒருத்தன் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பதினோரு வருஷமாக இப்படித்தான் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

நம் புதுப் பாதிரியார் கோபன்ஹேகன்காரர். வந்து நாலு மாசம்தான் ஆகிறது. நல்ல மனுஷன், சாயங்காலம் நம்மோடு பந்தாட வருவார், ஓடத்தான் வராது. அவரிடம் சொன்னேன்: "போற வழியில சுன்னிவாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ புருஷன்கிட்ட சொல்லிக்குவா." அவரும் சரி என்றார். மறுநாள் ஒரு சவ அடக்கம். முடித்த கையோடு, கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக, நேரே உன் வீட்டுக்கு நடந்திருக்கிறார்.

கப்பலில் ஆள் இருக்கிற வீட்டுக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அங்கியோடு பாதிரியார் போனால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயசாக இருந்தபோது எங்கள் வாசலுக்கும் ஒருத்தர் அப்படி வந்தார். அம்மா கதவைத் திறக்கவே இல்லை. திறக்காவிட்டால் அப்பா சாகமாட்டார் என்று நினைத்தாளோ என்னவோ.

சுன்னிவா துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். அவரைப் பார்த்ததும் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "பிராண்டுரைப் பத்தி ஒரு சேதி"ன்னு அவர் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாளாம். பக்கத்து வீட்டு மார்யுன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்: "கப்பல் முழுகிடுச்சா? சொல்லித் தொலைங்க சாமி!" அவர் திருதிருவென்று விழித்து, "கப்பலா? நான் பந்தாட்ட விஷயமா வந்தேம்மா!" என்றாராம். இப்போது அவர் வெளியிலேயே தலைகாட்டுவதில்லை. பாவம், என் வேலையைச் செய்யப் போன மனுஷன்.

அன்று சாயங்காலம் சுன்னிவா மைதானத்துக்கு வந்தாள். பதினாலு பேர் முன்னால் சொன்னாள்: "அஞ்சு நிமிஷம் நான் விதவையா இருந்தேன், ஹாக்குன். எதுக்கு? ஒரு கோல்கீப்பரை மாத்துறதுக்கு!"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "காத்து மாறுது, மழை வரும்போல" என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் உனக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் சமையல்காரர்தான் எடுத்தார். "பிராண்டுர் தூங்கறான்"னார். தூங்குகிறவன் இருமுகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டது. அதனால்தான், உங்கள் கப்பல் வந்து நிற்கிற நூக் துறைமுகத்துக்குப் போகிற சரக்குக் கப்பலில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இனி நேராகச் சொல்கிறேன். மேற்கூர் ஆட்டத்தில் கோல் காக்கப்போவது டெய்ட்டூர். முடிவு பண்ணியது நான், வேறு யாருமில்லை. உன் வலது தோள் உயரப் பந்துக்கு எழும்பவில்லை. மூன்று ஆட்டமாகப் பார்த்தேன். பார்த்துவிட்டும் ஒவ்வொரு தடவையும் "நல்லா ஆடினே"ன்னு முதுகில் தட்டினேன். அது பொய். நீ நல்லா ஆடின நாட்களில் நான் ஒன்றுமே சொன்னதில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதையும் தாளில் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கப்பல் வருகிற அன்று துறையில் நிற்பேன், சுன்னிவாவுக்குப் பத்தடி தள்ளி. நீ முதலில் அவளிடம் போ. அப்புறம் என் பக்கம் வா. எல்லார் முன்னாலும் என்ன வேண்டுமானாலும் திட்டு, நான் வானத்தைப் பார்க்கமாட்டேன். பேசாமல் மட்டும் போய்விடாதே, தம்பி.

கடல் உன்னை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஹாக்குன்