அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்

குவைத்
12 மார்ச் 2017

அன்புள்ள தங்கை தக்ரீதுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நான்கு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால் நம் ஊர் இர்பிதுக்கு வரும் நண்பன் உவைஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா அனுப்பிய கத்தரிக்காய் ஊறுகாய் வந்தது. ஜாடியைத் திறக்க மனம் வரவில்லை.

ராயித் என் பள்ளித் தோழன். அவனுடைய பல் செட் செய்யும் கூடத்தில் உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் செய்தது தவறு, அதை அவனும் மறுக்கவில்லை. உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். கட்டிக்கொண்டால் 308ஆம் பிரிவின்படி வழக்கு நின்றுபோகும். ஊர் வாயும் மூடும். அப்பா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். பிடிவாதம் பிடிக்காதே, கண்ணு.

உன் நல்லதையே நினைக்கும்
ஹைத்தம்


இர்பித்
20 மார்ச் 2017

அண்ணன் ஹைத்தம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மற்றபடி சுகம்.

வெள்ளிக்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். ராயிதின் மாமா தன் முன்னால் வைத்த காபியைத் தொடவில்லை. "கேட்டது கெடைச்சாத்தான் குடிப்போம்" என்றார். பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் நான் கூடத்துக்கு வந்தேன்.

"குடிக்காதீங்க. நான் சம்மதிக்கல" என்றேன்.

"பொண்ண உள்ள போகச் சொல்லுங்கப்பா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அம்மா உள்வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அவ எதுக்குப் போகணும்? அவளத்தானே கேட்டு வந்திருக்கீங்க? பதில் சொல்லிட்டா. கெளம்புங்க."

பதினான்கு பேரும் போனபின் அந்தக் காபியை அம்மா முற்றத்துச் செடிக்கு ஊற்றினாள். "செடியாவது குடிக்கட்டும்" என்றாள். பெரியப்பா அன்றிலிருந்து எங்களோடு பேசுவதில்லை.

நீங்கள் தவறு என்று எழுதினீர்கள். என்ன தவறு என்று எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பல் அச்சு வார்க்கும் அறையில் அவன் கதவைத் தாழிட்டான். வேண்டாம் என்றேன். மூன்று முறை சொன்னேன். அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை, கைகால் அசையவில்லை. அரசு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "கத்துனியாம்மா?" இரண்டாவது கேள்வி, "ஒடம்புல காயம் இருக்கா?" வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அந்த அறையில் என்னை வாழ்நாள் முழுக்கக் குடியேறச் சொல்கிறீர்கள். மாட்டேன். இனி இதைப் பற்றி எழுதுவதானால் எனக்கு எழுத வேண்டாம்.

தக்ரீத்


குவைத்
5 ஆகஸ்ட் 2017

தக்ரீத்,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லை நாலு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் நாட்டு நாடாளுமன்றத்தில் 308ஐ நீக்க வாக்களித்துவிட்டார்கள். என்னோடு தங்கியிருக்கும், நம் பக்கத்து ஊர் ஜர்ஷ்காரர் போனில் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே கட்டிக்கிறேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுப்பா" என்றார். எல்லோரும் பேசினார்கள். நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். அது நடந்த மறுநாள் ராயித் எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தப்புப் பண்ணிட்டேன்டா. அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. வெட்கப்படுறான்னு நெனச்சேன். நான் கட்டிக்கிறேன், நீதான் பேசி முடிக்கணும்."

நீ சொன்னது உண்மை என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் அந்த மார்ச் கடிதத்தை எழுதினேன். கல்யாணத்திலிருந்து அவன் நழுவினால் மிரட்டலாம் என்று பதிவை வைத்திருந்தேன். உனக்காக வைத்திருக்கவில்லை.

நேற்று அதை உன் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். சாட்சி சொல்ல வருகிறேன். மன்னிப்புக் கேட்க இன்னும் தகுதி வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

ஹைத்தம்


இர்பித்
20 மே 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

ரமலான் வாழ்த்துகள். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே அம்மா தினமும் இனிப்பு கதாயிஃப் சுட்டு, எதிர்வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, சர்க்கரை கூடிவிட்டது என்று என்னைத் திட்டுகிறாள்.

தீர்ப்பு வந்துவிட்டது. ராயிதுக்குப் பதினைந்து ஆண்டு சிறை. மேல்முறையீடு செய்வார்களாம். செய்யட்டும். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் என் வக்கீல்.

நீ சாட்சி சொன்ன அன்று உன்னிடம் பேசாமல் வந்துவிட்டேன். அன்று நான் பார்த்ததை இப்போது சொல்கிறேன். அவனுடைய வக்கீல், "பிடிக்கலைன்னா ஒரு பொண்ணு கத்தியிருக்க மாட்டாளா?" என்று கேட்டார். நீதிபதி எழுத்தர் பக்கம் திரும்பி, "அந்தப் பதிவ இன்னொரு தடவ போடுங்க" என்றார். அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இத மறைச்சு வச்சிருந்தீங்களா?" என்று நீதிபதி உன்னைக் கேட்டபோது, "ஆமா. அந்தக் குற்றம் என்னோடது" என்றாய். ராயித் உன்னையே முறைத்தான். நீ தலையைக் குனியவில்லை.

அந்த மார்ச் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, மறக்கவும் இல்லை. சில நாள் அவன்மேல் வருவதைவிட உன்மேல்தான் அதிகம் கோபம் வருகிறது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் புதிய வேலை கிடைத்திருக்கிறது, ஒரு பெண் மருத்துவரிடம். போன வாரம் முழுத் தாடைக்கும் பல் செட் செய்தேன். அதைப் பொருத்திக்கொண்ட கிழவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எம் பொஞ்சாதி இனி என்ன வீட்ட விட்டுத் தனியா அனுப்ப மாட்டா" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை மாதம் கழித்து என்று அம்மாவைக் கேள்.

சாட்சி சொல்ல வந்தபோது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாயாமே. அம்மா அன்று எங்கள் இரண்டு பேருக்கு மூன்று தட்டு வைத்தாள். அந்த மூன்றாவது தட்டை நான் எடுத்து வைக்கவில்லை.

பெருநாளுக்கு வீட்டுக்கு வா. அம்மா சொல்லி எழுதவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன். வந்ததும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்றில்லை. முதல் நாள் சாப்பிடு, தூங்கு. உன் அறையில் நான் என் சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். நீ கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

உன் தங்கை
தக்ரீத்