பொம்மைக்கு எண்ணெய் தேய்த்தவனுக்கு

மாப்ள,

இன்று காலை தங்கச்சி உன் போனை எடுத்துக்கொண்டு அருவிக்கரையில் இருக்கும் என் துண்டுக் கடைக்கு வந்தாள். பட்டாளத்தில் இருக்கும் உங்கள் மகனை முகம் பார்த்துப் பேச வேண்டுமாம், சொல்லித்தரச் சொன்னாள். போன் உறையைக் கழற்றியதும், அருவிக்கு வருகிறவர்களுக்கு நீ தேய்க்கும் எண்ணெயின் வாசனை வந்தது. குற்றாலத்துக் குரங்குகளுக்குக்கூடத் தெரிந்த வாசனை. நீ போய்ச் சேர்ந்து ஒரு சீசன் முடிந்து அடுத்த சாரலும் தொடங்கிவிட்டது. வாசனை மட்டும் உறைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"என்னண்ணே, போன் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. மாப்ள இன்னும் கை கழுவாம இருக்கான்."

சிரித்துவிட்டாள்.

எனக்கு என் மகள் வந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. அவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தென்காசி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் வானத்தைப் பார்ப்பேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்த ஆள் வேறென்ன செய்வது? கடைசியில் நீதான் அவளிடமே கேட்டாய்.

"மனுசன் கம்ப்யூட்டர் முன்னால எங்க முழிக்கான், ஏன் முழிக்கான்னு பாக்கணும் மாமா. அதப் பாத்துத்தான் எப்படிச் சொல்லிக்குடுக்கலாம்னு கண்டுபிடிக்கணும்."

"அதுக்கு ஏன்ட்டி பெங்களூரு வரைக்கும் போன? உங்கப்பன் இங்கனதான இருக்கான்."

அவள் போனுக்குள் ஒரு பொம்மை மனிதனைச் செய்து வந்திருந்தாள். அவன் காலடியில் நிறத்துக்கு ஒன்றாகப் படம் போட்ட சீட்டுகள்: எண்ணெய் காய்ச்சுவது, தலையில் வைப்பது, உடம்பில் தேய்ப்பது, அருவியில் நிற்பது. நாம் அடுக்குகிற வரிசைப்படி பொம்மை செய்யும். கம்ப்யூட்டருக்கு வேலை ஏவக் கற்பதில் அதுதான் முதல் பாடமாம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பெரியவர்கள் அதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நம் ஆட்களை வைத்துப் பார்க்க வந்திருந்தாள். மறுநாள் ரயில். பார்த்ததைக் கொண்டுபோய்ப் பேராசிரியர்கள் முன்னால் வைக்க வேண்டும்.

பெண்ணின் பரீட்சையில் நம் ஆட்கள் தோற்றால் அவளுக்கல்லவா தலைக்குனிவு? என் மூளை அப்படித்தான் வேலை செய்தது. அவள் எனக்குக் காட்டியதை மனப்பாடம் செய்து, அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், உன்னையும் எண்ணெய் தேய்க்கும் மற்றவர்களையும் கடைக்குப் பின்னால் நிறுத்திப் பாடம் எடுத்தேன். "படத்தப் பாக்காண்டாம். முதல்ல சிவப்பு, அடுத்து மஞ்சள், அப்புறம் பச்சை, கடைசில நீலம். அம்புட்டுதான்."

அவள் திரும்பி வந்து போனை நீட்டியதும் ஒவ்வொருவராகப் பிசகாமல் அடுக்கினார்கள். நான் துண்டு மடித்தபடி பெருமையாக நின்றேன். மகள் முகம்தான் வாடிக்கொண்டே வந்தது. "ஒருத்தரும் முழிக்கலையேப்பா. நான் என்னத்தக் கொண்டுபோவேன்?"

அப்போது உன் முறை. யாரோ ஒருவர் முதுகிலிருந்து நேராக எழுந்து வந்தாய். எண்ணெய் விரல் வழுக்கி, நீலச் சீட்டு முதல் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பொம்மை விறுவிறுவென்று அருவிக்குப் போனது. நன்றாக நனைந்து வந்து, அதன் பிறகு தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டது.

"ஏலே, குளிச்சிட்டு வந்து எவம்லே எண்ணெ தேப்பான்?" என்று போனைப் பார்த்துக் கேட்டாய்.

மகள் நிமிர்ந்தாள். "இப்ப என்ன செய்வீங்க மாமா?"

"பொறு தாயி. இவன மொதல்ல தண்ணிய விட்டு வெளிய இழுக்கணும்."

இழுத்தாய், வழுக்கியது. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாய். பொம்மை ஒருமுறை காய்ச்சாத எண்ணெயைத் தேய்த்தது, இன்னொருமுறை தலையை மறந்தது. ஒவ்வொன்றுக்கும் அதைத் திட்டினாய். எதற்காகத் திட்டுகிறாய் என்று அவளுக்கு விளக்கமும் சொன்னாய். அவள் நிறுத்தாமல் எழுதினாள். ஒருவழியாகப் பொம்மை முறைப்படி குளித்து முடித்ததும் நீ நிம்மதியாகச் சொன்னாய்: "உங்கப்பன் சொல்லித்தந்த கலர் கணக்கு எனக்கு நிக்கல தாயி. இது எனக்குத் தானா வந்துச்சு."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மடித்த துண்டையே மறுபடி மடித்தேன்.

"அவிய முழிச்சாத்தாம்ப்பா நான் பாஸ்" என்றாள். கோபப்படத்தான் பார்த்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. சீட்டுகளின் நிறங்களை மாற்றி எல்லாரையும் திரும்ப உட்கார வைத்தாள். நீ உன் தோள் துண்டால் என் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினாய். "வாயக் கட்ட இன்னொரு துண்டு குடுலே. உன் கடையில இல்லாததா?"

அன்று பொழுது சாயும்வரை ஒவ்வொருவரும் அழகாக முழித்தார்கள். எண்ணெய் விரலுக்கும் வழுக்காத சீட்டு செய்வேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் ரயில் ஏறினாள். செய்தும்விட்டாள்.

இன்று தங்கச்சி உன் போனைத் தொட்டதும் கேமரா திறந்து அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த தட்டில் அலாரம் அடித்தது. எனக்குக் கை துறுதுறுத்தது.

"நீங்களே போட்டுக் குடுங்களேண்ணே."

"மாட்டேம்மா. உம் புருசன் என் கையக் கட்டிப்போட்டுட்டுப் போயிருக்கான்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே சாரல் ஒருமுறை நின்று மறுபடி பிடித்தது. திடீரென்று உன் மகன் முகம் வந்து, "எம்மா, யாரு போட்டுத் தந்தா?" என்றது.

"யாருமில்லலே. எனக்குத் தானா வந்துச்சு."

அப்போதும் என் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன, மாப்ள.