பிராதில் எழுதாத சத்தம்

6-7-2008, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. கொடியில் கிடந்த என் பாவாடை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கப் போகவில்லை. அந்த வீட்டு அத்தை ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அம்மாதான் போனாள்.

பிறகு அம்மாவும் நானும் மணவாளநல்லூர். நடந்தே. கொளஞ்சியப்பருக்குப் பிராது கொடுக்க. போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போலத்தான். யார் மேல் என்ன புகார் என்று தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, மடித்து முனியப்பர் வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடும். தீர்ந்ததும் மறுபடி வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

காதில் விழுந்த மற்றவர்கள் பிராது: பசு மாடு காணோம். பங்காளி வரப்பை வெட்டிவிட்டான். மருமகன் குடி.

எங்களுடையது ஒரு வண்டி மேல்.

அம்மாவுக்கு எழுத வராது. அவள் சொல்ல நான் எழுதினேன்.

"எம்புள்ளைய எடுத்த அந்த வண்டி இனிமே ஓடவே கூடாது சாமி. எழுது."

"ஓடலன்னா அப்பாவுக்கு வேலை போயிடும்மா."

அம்மா கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தாள். "அப்ப வேகத்த மட்டும் எடுத்துடச் சொல்லு. இவரையாவது வுட்டு வெக்கட்டும்."

அப்படியே எழுதினேன். அடியில் அம்மா கைரேகை. அப்பாவிடம் சொல்லவில்லை.

வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது.

8-7, செவ்வாய்

வெயில். நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் பிள்ளையார் பொம்மை. அச்சிலிருந்து எடுத்ததும் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு காதுக்குப் பின்னால் தெரியும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடே இல்லாத மாதிரி செய்ய வேண்டும். அதுதான் என் வேலை. யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலை.

நாங்கள் இருப்பது கம்பெனிக்குப் பின்னால், குவார்ட்டர்ஸில். எங்கள் சுவரை ஒட்டித்தான் முதலாளியின் வண்டி ஷெட். (இனி மு. என்று எழுதுகிறேன். கை வலிக்கிறது.) ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. அப்பா அதற்கு டிரைவர். பின் கேட்டைத் திறப்பது நான்.

அந்த வண்டி எஞ்சினுக்கு ஒரு விசில் உண்டு. மெயின் ரோட்டில் இருக்கும்போதே கேட்கும். மெல்லிசாக ஏறும், கியர் மாற்றும்போது அறுந்துபோகும், மறுபடி ஏறும். அப்பாவுக்குப் பதில் என் அண்ணன் சேகர் ஓட்டி வந்தால், திரும்புவதற்கு முன்னால் இரண்டு தடவை உறும விடுவான். எனக்குத்தான். கேட்டைத் திற என்று.

போன மார்கழியில் மு. வீட்டு விருந்தாளியை மங்கலம்பேட்டையில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது கரும்பு டிராக்டரை முந்தப் போனான். எதிரில் லாரி. வண்டி பிழைத்துக்கொண்டது. முன்பக்கம் மாற்றி, கண்ணாடி மாற்றி, பெயின்ட் அடித்து, மாசியில் வந்துவிட்டது. அப்பா மறுபடி அதில் ஏறினார். "அதுல உக்காந்தா அவன் பக்கத்துல இருக்கறாப்ல இருக்குது" என்றார். அம்மா அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

எனக்குப் பத்தாவது அரையாண்டுப் பரீட்சை அந்த வாரம். எழுதவில்லை. பிறகு ஸ்கூலுக்குப் போகவேயில்லை. யாரும் போ என்று சொல்லவுமில்லை.

இன்றும் சாயந்தரம் விசில் கேட்டது. என் கால் தானாகக் கேட்டுக்குப் போனது. இறங்கியது அப்பா. அது தெரியும். ஆனால் விசில் கேட்பதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில், ஓட்டுவது யார் என்று தெரியாத ஒரு கொஞ்ச நேரம் இருக்கிறது. அது தினமும் கிடைக்கிறது.

11-7, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். சீயக்காய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். ஊக்கு, கறுப்பு நூல், செருப்புக்கு வார்.

அப்பா சாப்பிடும்போது சொன்னது: வண்டி செய்த கம்பெனியிலிருந்து மு.வுக்கு போன். இந்த மாதிரி வண்டியெல்லாம் கணக்குக்கு மேல் புகை விடுகிறதாம். அவர்கள் செலவிலேயே சரிசெய்து தருகிறார்களாம். பாண்டிச்சேரி ஒர்க்ஷாப்பில் விட வேண்டும்.

"நல்லாத்தான ஓடுது, என்னாத்துக்குன்னு கேட்டேன். ஓசில பண்றான், வுட்டுட்டு வாடான்றாரு."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

14-7, திங்கள்

சாயந்தரம் ஹார்ன் சத்தம். யாரோ புது ஆள் என்று நினைத்து உள்ளேயே இருந்தேன். மறுபடி ஹார்ன். "பவுனு, தூங்கறியா?" அப்பா குரல்.

வண்டி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. எதுவும் கேட்கவில்லை. விசில் இல்லை. புகையும் இல்லை. எஞ்சின் ஓடுவதே பக்கத்தில் போனால்தான் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ பேசுவது போல.

அப்பா சொன்னது: ஒரு குழாயில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். "வெளிய வுட்ட பொகையில கொஞ்சத்த மறுபடி அதையே இழுக்க வெக்கறாங்களாம்." தன் மூச்சைத் தானே.

"ஓட்ட எப்படி இருக்குது?" அம்மா. அந்த வண்டியைப் பற்றி மாசிக்குப் பிறகு அவள் கேட்கும் முதல் கேள்வி.

"முன்ன மாதிரி இல்ல. அழுத்தினா ஒடனே போவாது. நின்னு யோசிக்குது. அப்பறம் திடுக்குனு கெளம்புது."

அம்மா உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. வேகத்தை எடுக்கச் சொன்னோம், எடுத்துவிட்டது. ஆனால் சத்தத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அதை ஏன் எடுத்தாய் சாமி?

16-7, புதன்

கரண்ட் இல்லை. கம்பெனியில் எல்லோரும் வாசலில். பரீதா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், என் பக்கத்து இடம், என் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"உங்கொப்பா வண்டி ஊமையாயிடுச்சாமே. வூட்ல ஒண்ணு பத்தாதாடீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

மத்தியானம் மு. வண்டியிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு. "என்னா நாகப்பா, நெய்வேலி போயி வரதுக்குள்ள ரெண்டு பஸ்ஸு நம்மள தாண்டிப் போவுது! கால்ல ஆணியா? இல்ல பயமா? பயமா இருந்தா சொல்லு, வேற ஆளு பாக்கறேன்."

அப்பா துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

19-7, சனி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

உளுந்தூர்பேட்டைக் கடைக்குப் பொம்மை கொண்டுபோக வேண்டும். உடையாமல் பிடித்துக்கொள்ள என்னையும் அனுப்பினார்கள். பின் சீட்டில் வைக்கோல் சுற்றிய பெட்டிகள். முன் சீட்டில் நான், மடியில் பெரிய குதிரைப் பொம்மை. அண்ணன் போன பிறகு நான் அந்த வண்டியில் ஏறுவது முதல் தடவை. சீட் உறை புதுசு. என் பக்கத்துக் கதவும் புதுசு. அதன் நிறம் மற்றதைவிடக் கொஞ்சம் வெளுப்பு.

மங்கலம்பேட்டை ரோடு. அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. அப்பா கை ஸ்டியரிங்கில் இறுகியபோது தெரிந்துகொண்டேன்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். அப்பா எட்டிப் பார்த்தார். எதிரில் பஸ், தூரத்தில். முன்பு என்றால் தாராளமாகப் போகலாம். அப்பா வெளியே ஒடித்து அழுத்தினார்.

வண்டி போகவில்லை.

அது நின்றுபோகவும் இல்லை. ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி. அப்பா கால் தரை வரைக்கும் போய்விட்டது, வண்டி இன்னும் யோசித்தது. வைக்கோல் என் கண்ணாடியை உரசியது. பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. அப்பா பிரேக் அடித்து டிராக்டருக்குப் பின்னால் வந்து ஒட்டினார். பஸ் போனது. காற்று அறைந்தது. குதிரையின் காது என் கையோடு வந்துவிட்டது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "என் காலு அழுத்துச்சு பவுனு. நீ பாத்தியில்ல? பயந்து எடுத்துட்டேனா?"

"இல்லப்பா. அழுத்தின."

"அப்ப அவன்தான் புடிச்சு இழுக்கறான்." பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெட்டிகள்.

அப்போதுதான் சொன்னேன். மணவாளநல்லூர் போனது, நான் எழுதியது, அம்மா கைரேகை, எல்லாம். சொல்லும்போது குதிரைக் காதைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏன் பாப்பா, கொளஞ்சியப்பரு பாண்டிச்சேரி ஒர்க்ஷாப்புலயா வேலை பாக்கறாரு?" சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எடுக்க நேரமாயிற்று.

"வேகத்த எடுக்கச் சொன்னீங்க. சரி. என் காலுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? அது இன்னும் பழைய வண்டியத்தான ஓட்டுது."

திரும்பும்போது எதையும் முந்தவில்லை. மாட்டு வண்டிக்குப் பின்னால்கூட.

21-7, திங்கள்

உடைந்த குதிரைக்கு மு.விடம் அப்பாவுக்குத் திட்டு. பஸ் விஷயமும் எப்படியோ தெரிந்துவிட்டது. அது திட்டோடு முடியவில்லை. சாயந்தரம் மு. ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா மொதலாளி கவலப்படறீங்க? பொக திரும்பி வர கொழாய்ல ஒரு தகடு வெச்சு அடைச்சுட்டா பழையபடி பறக்கும். புதன்கெழம அனுப்புங்க" என்றார்.

"வெச்சுடு. எனக்கு வண்டி வண்டியா இருக்கணும்."

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

அம்மா: "சாமி குடுத்தத ஒரு தகரத்த வெச்சு அடைக்கறானா?" அழுதாள். "நீ சொல்லக் கூடாதா அவருகிட்ட?"

அப்பா: "சொன்னா பயந்தவன்னு வேற ஆளப் போட்டுடுவாரு." பிறகு, அம்மாவைப் பார்க்காமல், "எனக்கும் பழசுதான் பழக்கம்."

எனக்கு என்ன வேண்டும்? இங்கேதான் எழுத முடியும். எனக்கும் விசில் வேண்டும். தகடு வைத்தால் மறுபடி சாயந்தரம் கேட்கும். அந்தக் கொஞ்ச நேரம் மறுபடி கிடைக்கும். இந்த ஒரு வாரமாக அண்ணன் வரவேயில்லை.

ஆனால் அண்ணனும் எதிரில் லாரியைப் பார்த்திருப்பான். வண்டி முந்திப் போய்விடும் என்று நம்பித்தான் அழுத்தியிருப்பான். அந்த விசில் அவனுக்கும் கேட்டிருக்கும்.

22-7, செவ்வாய்

சூளை பிரித்தார்கள். சூடு தாங்கவில்லை. வெந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்பது மு.வின் வழக்கம். நல்லது என்றால் கணீர் என்று கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். என் வரிசைக்கு வந்தார். பிள்ளையாரை எடுத்துத் தட்டினார். கணீர்.

"வாணாங்க," என்றேன்.

யார் பேசியது என்று எனக்கே தெரியவில்லை. பரீதா பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள்.

"அட, நாகப்பன் பொண்ணு பேசுமா? என்னாது வாணாம்?"

"தகடுங்க. வண்டிக்கு." அவர் கையிலிருந்த பிள்ளையாரைப் பார்த்தே சொன்னேன். "அப்பாவுக்குப் பயமில்லைங்க. புதுசா இருக்கறதால கால் பழகல. பழகிக்குவாருங்க. எங்கண்ணனுக்கு நிக்கத் தெரியலங்க. வண்டியாவது... கொஞ்சம் நின்னு போவட்டுங்க."

மு. பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வைத்துவிட்டுப் போய்விட்டார். மீதி வரிசையைத் தட்டவேயில்லை.

பரீதா மெதுவாக, "ஏன்டீ, இத்தினி நாளா எங்கடீ வெச்சிருந்த இந்த வாய?"

பிறகு இரண்டு பிள்ளையாருக்கு மூக்கில் கத்தி பட்டுவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

23-7, புதன்

மேகம். மழை இல்லை. அப்பா காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மெக்கானிக்கிடமா, வேறெங்குமா, சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினாள்.

சாயந்தரம் கரண்ட் போயிற்று. கம்பெனி மிஷின்கள் எல்லாம் நின்றன. மெயின் ரோடு நன்றாகக் கேட்டது. பஸ். லாரி. மொபெட். ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையைத் தூக்கினாள். அவள் விசில் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

விசில் வரவில்லை.

இருட்டத் தொடங்கியதும் விளக்கு ஏற்றலாம் என்று அம்மா பின்கதவைத் திறந்தாள். ஷெட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அப்பா இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். கேட்ட நானே தொறந்துக்கினேன்."

"தகடு?"

"வாணாமுன்னுட்டாரு. ஏன்னு தெரியல. மெதுவாவே ஓட்டு நாகப்பான்றாரு." என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். "இன்னைக்கு ஒரு லாரிய முந்துனேன். அழுத்திட்டுக் காத்திருந்தேன். அது யோசிச்சு முடிக்கட்டும்னு. அப்பறம் போச்சு."

அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். வெளுத்த கதவைத் தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம போயி பிராத வாபஸ் வாங்கிடணும்."

"இதுலயே போலாம்," என்றார் அப்பா.

அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை.

பின் கேட் திறந்தே கிடந்தது. சாத்தப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தபடி ரோட்டைப் பார்த்தேன். இப்போது அந்த வண்டி எவ்வளவு நேரம் யோசிக்கிறதோ அவ்வளவு நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. சாத்தினேன்.