மெஷின் ஆளாக்கிய தங்கை

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மூன்று வருடமாகியும் இடது கை முழுதாகப் பழகவில்லை.

நேற்று உன் மகளின் பதினெட்டாவது பிறந்தநாளில், கேக் வெட்டும் முன் என்னை இழுத்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினாய். "எல்லாம் நல்லதுக்குத்தான். அந்த மெஷின்தான் என் தங்கச்சிய ஆளாக்குச்சு" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியாது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வளரவில்லை என்று சொல்லமாட்டேன். உன் அட்டைப்பெட்டிப் பட்டறையில் எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், இன்று வேறொரு தொழிற்சாலையில் முப்பது பேருக்கு மெஷினைப் பத்திரமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் அதற்காகப் படித்தது நான். ஆறு மாதம் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டி அழுதது நான். உன் மெஷின் என் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அது எனக்கு வாத்தியாரும் இல்லை, சாமியும் இல்லை.

"மூடிய கழட்டிடு, வேலை வேகமா ஓடும்" என்று அன்றைக்குச் சொன்னது யார் என்று இதுவரை நான் வாய் திறந்ததில்லை. இப்போதும் அதைக் கிளறவில்லை. ஆனால் நேற்று வரும் வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். வெட்டுக்கத்தியை மறைக்க வேண்டிய அந்த இரும்பு மூடி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. அதன் மேல் டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த மெஷின்தான் ஆளாக்கும் என்றால், நாளைக்கே உன் மகளை அதன் முன்னால் உட்கார வை.

மனசு வரவில்லையா? அப்படியென்றால் டம்ளர்களை இறக்கிவிட்டு மூடியை மாட்டு.

இப்படிக்கு,
தன்னைத் தானே ஆளாக்கிக்கொண்ட
உன் தங்கை