அவர் பெயருக்கு ஒரு குரல்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா, இல்லை சொன்னதோடு சரியா?

நீ அனுப்பிய ரெஜிமென்ட் வரலாற்றுப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். இருநூறு வருஷத்துப் படை. சுமை தூக்கிய கோவேறு கழுதைகளுக்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "இப்படை தன் வீரன் எவனையும் விட்டுவிட்டு வந்ததில்லை" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஆற்றுக்கு அக்கரையில் கிடப்பது யார்? என் கணவர் குண்டு பட்டு விழுந்ததை நீதானே பார்த்தாய்?

உடல் வந்து சேரும்வரை ரோல்காலில் செத்தவன் பெயரையும் கூப்பிடுவார்களாம். தோழன் ஒருவன் "உள்ளேன் ஐயா" என்பானாம். பழைய கணவாய்ச் சண்டையிலிருந்து வரும் வழக்கமாம். விடுப்பில் வந்த உங்கள் ஆள் ஒருவர் இதை அத்தையிடமும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, "எம்புள்ள தினமும் ஆஜராயிட்டுதான இருக்கான்" என்று அத்தை சாப்பாட்டு வேளையில் மகனுக்கும் ஒரு தட்டு வைக்கிறார்.

அவர் பெயருக்குக் குரல் கொடுப்பது யார்?

உன் தங்கை

ஜூன் 19

என் புத்தகப்புழுவுக்கு,

நான்தான். வேறு யாரை விடுவேன்? உனக்கு மாப்பிள்ளை பார்த்தவனும் நான்தானே. பதில் சொல்லும் அந்த ஒரு நொடி அவன் என் பக்கத்தில் தோளுரசி நிற்கிறான். அக்கரைக்குப் போக மேலிடம் அனுமதிக்கவில்லை. எனக்கு மிஞ்சியது இந்தக் குரல்தான்.

அத்தை வைக்கும் தட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

நஷ்டம் எனக்குத்தான். மூன்று வருஷமாக நான் அழவில்லை. அழ ஆரம்பித்தால், "இருக்கறவனுக்கு எதுக்குடி ஒப்பாரி?" என்று அத்தை வாயைப் பொத்துகிறார். நான் அவருக்கு மனைவியா, விதவையா என்று எனக்கே தெரியவில்லை.

ஒரே ஒருநாள் பதில் சொல்லாதே. பெயரைக் கூப்பிட்ட பிறகு வந்த அமைதியை எனக்கு எழுது. அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். அதன்பின் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம்.

தங்கை

ஜூலை 15

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டபடி செய்தேன். மாப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேப்டன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "உள்ளேன் ஐயா."

வரிசையில் நின்றால் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரென்று பார்க்கவில்லை. பிறகு விசாரித்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சமையல்காரர் மட்டும் சிரித்தார்: "உனக்குத் தொண்ட கட்டுனா என்னய்யா, ரெஜிமென்ட்டுக்கே கட்டிருமா?"

நான் செத்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள், தங்கச்சி. யாராவது பதில் சொல்வார்கள். என் ஒரு வாயை மூடி என்ன ஆகப்போகிறது?

என்னை மன்னித்துவிடு.

அண்ணன்

ஜூலை 24

அண்ணா,

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் குரல் வரும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அழவில்லை. "அந்தக் கொரலு எப்படி இருந்துச்சாம்? அவன் கொரலு மாதிரியே இருந்துச்சான்னு உங்கண்ணனக் கேளு" என்றார்.

கேட்கிறேன். "இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதையாவது உனக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லிவிட முடியாது.

அதுவரை தட்டு வைத்தபடியேதான் இருக்கும்.

தங்கை