பேரலை மூன்றா, நான்கா?

மார்ச் 4

அன்பு வாண்டுக்கு,

நலம். நீயும் நலம்தானே? நம் ஆட்டத்துக்கு நீ கேட்ட 'தீக்குருவி' கார்டுகள் இந்த உறைக்குள் இருக்கின்றன. ஓரம் மடங்காமல் இருக்க மருந்து அட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் முதலில் உன் அண்ணன் கையில்தான் சிக்கும்.

நான் வீட்டை விட்டு வந்த பிறகு ஆட ஆளில்லை. மருந்துக் கடையில் மதியம் கூட்டம் இல்லாதபோது இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். "உங்களையே நீங்க ஏமாத்திக்குவீங்களா மேடம்?" என்று முதலாளி கேட்கிறார். டெக்கில் அறுபது கார்டு இருக்க வேண்டும். என்னிடம் ஒன்று கூடுதலாக நிற்கிறது. எதை எடுத்தாலும் மனசு கேட்கவில்லை. மேசையில் இறங்கியிருக்கும் படை மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகுமே, அந்தப் 'பேரலை'யை மூன்று வைப்பதா, நான்கு வைப்பதா? மே மாதப் போட்டிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அவர் சாப்பிடுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

குருவிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பேரலை மூன்று போதும். நான்கு வைத்தால் வேண்டாத நேரத்தில் கையில் வந்து தேங்கிக்கொள்ளும். என் டெக் பற்றித்தான் தெரியுமே, அடித்து ஆடி எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைச் சீக்கிரம் தீர்த்தால் உண்டு. இழுத்துக்கொண்டே போனால் மூச்சு வாங்கிவிடும்.

வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாட்டு மேசை முழுக்க ஃபைல். வக்கீல் வந்து போகிறார். டீயை வைத்துவிட்டு நான் நகர்ந்தால், "நீயும் உக்காரும்மா, உன்கிட்டயும் பேசணும்" என்கிறார். எதற்கென்று புரியவில்லை. பயமாக இருக்கிறது அண்ணி. அப்பா போனதிலிருந்து என்னை வளர்த்தது அண்ணன்தான். அவரிடம் நான் முடியாது என்று சொன்னதே கிடையாது.

உங்கள்,
வாண்டு


ஏப்ரல் 2

வாண்டு,

விவாகரத்து மனுவின் நகல் வந்தது. பிரிவதில் எனக்கும் சம்மதம்தான். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். கரண்ட் பில், காய்கறி தவிர நாங்கள் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'எதிர்மனுதாரர் சீட்டாட்டத்துக்கு அடிமையானவர். குடும்பத்தைக் கவனிக்காமல் சூதாட்டக் கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்.' சூதாட்டமாம்! இந்தப் பேச்சு கடைக்கு எட்டினால் தூக்க மாத்திரை அலமாரிச் சாவியை என்னை நம்பி யார் கொடுப்பார்கள்?

அதன் கீழே, சாட்சி: மனுதாரரின் தங்கை.

சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? ஒரு வரி எழுது, போதும்.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

பேரலை மூன்று போதும் என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நான்குதான் சரி. 'கல் காவலன்' ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும். இந்த வருடம் எல்லோரும் வேகமான டெக்கோடுதான் வருவார்களாம்.

கடையில் கூட்டம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

வாண்டு


ஏப்ரல் 19

வாண்டுக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று.

உன் நிலைமை தெரியாதவள் இல்லை நான். ஆனால் அந்தச் 'சூதாட்டக் கூட்டங்களுக்கு' என்னோடு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தது யார்? தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தது யார்? மற்றதை நான் சொல்லிக்காட்ட மாட்டேன். உனக்கே தெரியும்.

போட்டிக்குப் போகாதீர்கள் என்கிறார் என் வக்கீல். "யாராவது போட்டோ எடுத்துட்டா, ஆதாரத்தை நாமளே கையில குடுத்த மாதிரி ஆயிடும் மேடம்" என்கிறார். நான் போகிறேன். ஒளிந்துகொண்டால் அந்த மனுவில் இருப்பது உண்மை என்று ஆகிவிடும். என் சொந்தப் பெயரில் பதிந்தாகிவிட்டது.

நீயும் வந்தால் ஆட்டக்காரியாக மட்டும் வா. பேச்சு வேண்டாம். இனிமேல் கார்டும் அனுப்ப மாட்டேன்.


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

தயவுசெய்து கிழித்துப் போடாமல் படியுங்கள்.

மூன்றாவது சுற்றிலேயே நம் இருவரையும் ஒரே மேசையில் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கார்டுக் கட்டைக் குனிந்தபடியே வெட்டிக் கொடுத்தீர்கள். பேரலை உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியும். அது வந்துவிட்டால் உங்கள் தோள் இறங்கிவிடும். நான் இன்னும் குருவிகளை இறக்கட்டும், சேர்த்து வாரலாம் என்று காத்திருந்தீர்கள். நான் இறக்கவில்லை. கையில் இருந்த 'எரிகல்' கார்டை நேராக உங்கள் மேல் போட்டு ஆட்டத்தை முடித்தேன். வேண்டுமென்றே தோற்றிருக்கலாம்தான். அப்படிச் செய்திருந்தால் நீங்கள் ஜென்மத்துக்கும் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள். "நல்ல ஆட்டம்" என்று கை கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த சுற்றில் நான் மண்ணைக் கவ்வினேன்.

அந்தச் சாட்சிக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை அண்ணி. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலைவலி, கடையில் வேலை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போட்டிக்கு மறுநாள் காலை வக்கீல் பேனாவைத் திறந்தே நீட்டிவிட்டார். நான் உள்ளே போய் என் டெக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

"என்ன இது?" என்றார் அண்ணன்.

"அண்ணி ஆடுற ஆட்டம். இது என்னோட கட்டு."

"உன்னோடதா? அவ உன்னையும் பழக்கி விட்டாளா?"

"இல்லண்ணா. நான்தான் அவங்களுக்குப் பழக்கினேன். காலேஜ்லருந்து ஆடுறேன். இதுல சூதும் இல்ல, ஒண்ணும் இல்ல. செஸ் மாதிரி. என்னைச் சூதாடின்னு எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"அப்போ நீ அவ பக்கம்."

"பக்கமெல்லாம் இல்லண்ணா. நேத்து அவங்களைத் தோக்கடிச்சதே நான்தான்."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். அண்ணன் ஒரு கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கல" என்றேன். சொன்ன பிறகுதான், எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அந்தக் காரணத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் என்பதை வக்கீல்தான் போனில் சொன்னார்.

மன்னிப்பு கேட்க எனக்குத் தெரியவில்லை அண்ணி.

வாண்டு


மே 27

வாண்டு,

திருத்திய மனு வந்தது. அந்த வரிகள் இல்லை. இருவருக்கும் சம்மதம் என்று நேற்று கையெழுத்துப் போட்டோம். உன் அண்ணன் முதல்முறையாக, "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். கோர்ட்டுக்குள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ வாயைத் திறக்காமல் இருந்த நாட்களில் தபால்காரரைக் கண்டாலே கல்லாவை விட்டு வாசலுக்கு ஓடினேன். அது ஆற நாளாகும். எரிகல்லை என்மேல் போட்டாயே, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருப்பேன்.

தீர்ப்பு வந்துவிட்டால் சட்டப்படி நான் உனக்கு யாரோ. வேறு எப்படிக் கூப்பிடுவாய் என்று யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அது உன் பாடு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். மேசை சின்னது, இரண்டு பேர் ஆடலாம். டெக்கை எடுத்துக்கொண்டு வா.

எங்கே போகிறாய் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
அண்ணி